கல்லீரலில் நீர்க்கட்டியா? ஊசி குத்தும் முன் ஒரு கேள்வி

லேசான வயிற்றுவலி. மருத்துவரிடம் போகிறீர்கள். அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். "கல்லீரல்ல ஒரு நீர்க்கட்டி இருக்கு" என்கிறார் மருத்துவர்.

உடனே பயந்துவிட வேண்டாம். கல்லீரலில் தற்செயலாகத் தெரியும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் அப்படியே கிடக்கும்.

ஆனால் பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் இன்னொரு வகை உண்டு. அதற்குள் ஓர் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கும். பெயர் ஹைடாடிட் கட்டி. "தண்ணிதானே, ஊசியால உறிஞ்சி எடுத்துடலாம்" என்று இதை யோசிக்காமல் குத்தினால், உள்ளே இருக்கும் திரவம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

(நம் வீடுகளில் 'நீர்க்கட்டி' என்றாலே பெண்களின் சினைப்பையில் வருவதைத்தான் சொல்வார்கள். இது அது இல்லை. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.)

இந்தக் கட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எப்போது மருந்து, எப்போது கத்தி, எப்போது சும்மா விட்டுவிடுவது? ஒவ்வொரு உறுப்புக்கும் பதில் மாறுகிறது.

எங்கிருந்து வருது?

எக்கினோகாக்கஸ் என்று ஒரு நாடாப்புழு. நாடாப்புழு என்றதும் மீட்டர் கணக்கில் நீளம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இது சில மில்லிமீட்டர்தான். நாயின் குடலில் வாழும். அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வந்து புல், மண், தண்ணீர், நாயின் ரோமம் என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் புல்லை ஆடு மேய்கிறது. முட்டை ஆட்டின் வயிற்றுக்குள் பொரிந்து, கல்லீரலிலோ நுரையீரலிலோ கட்டியாக வளர்கிறது. ஆட்டை அறுக்கும்போது 'வேண்டாத' அந்த ஈரலை நாய்க்குத் தூக்கிப் போடுகிறார்கள். கட்டிக்குள் இருக்கும் குட்டிப் புழுத் தலைகள் நாயின் குடலில் மீண்டும் நாடாப்புழுவாகின்றன. நாய், ஆடு, மறுபடியும் நாய். இந்தச் சுற்றில் மனிதனுக்கு இடமே கிடையாது. முட்டை ஒட்டிய கையை வாயில் வைக்கும்போதோ, கழுவாத கீரையைத் தின்னும்போதோ நாம் தவறுதலாக உள்ளே நுழைந்துவிடுகிறோம்.

அப்போ மட்டன் சாப்பிட்டா வருமா? வராது. ஆட்டின் ஈரலில் உள்ள கட்டியைத் தின்றால் நாய்க்குத்தான் புழு வரும். மனிதனுக்கு நோய் தருவது நாயிடமிருந்து வரும் முட்டை மட்டுமே. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் தொற்றாது.

விழுங்கிய முட்டை நம் குடலில் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் கலக்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் போவது கல்லீரலுக்கு. அதனால்தான் பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்குக் கட்டி கல்லீரலில் வருகிறது. கல்லீரல் என்ற வடிகட்டியைத் தாண்டியவை அடுத்து நுரையீரலில் மாட்டுகின்றன. ஏறக்குறைய இரண்டு பேருக்கு அங்கே. மிச்சம் மண்ணீரல், சிறுநீரகம், எலும்பு, மூளை, இதயம் என்று எங்கும் போகலாம்.

கட்டி மெதுவாக வளரும். ரொம்ப மெதுவாக. சிறுவயதில் விழுங்கிய முட்டையின் விளைவு நாற்பது வயதில் தெரியவரலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

துர்க்கானா சொல்லிக்கொடுத்தது

உலகில் எந்த நேரத்திலும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்தின் நோய்களோடு வாழ்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அர்ஜென்டினா, பெரு, கிழக்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா, சீனா ஆகியவற்றின் சில பகுதிகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம். எல்லாமே மேய்ச்சல் நிலங்கள்.

கென்யாவின் வடமேற்கில் இருக்கும் துர்க்கானா மாவட்டம் இந்த நோயின் வரலாற்றில் தனி இடம் பிடித்தது. வறண்ட பூமி. ஆடும் ஒட்டகமும்தான் சொத்து. நாய்கள் குடிசைக்குள்ளேயே வாழும். தண்ணீர் அரிது என்பதால் குழந்தைகளை நக்கிச் சுத்தம் செய்வதற்குக்கூட நாயை விடும் வழக்கம் அங்கே இருந்தது. உலகிலேயே மிக அதிகமாக ஹைடாடிட் பதிவான இடங்களில் ஒன்றாக அது ஆனதில் ஆச்சரியமில்லை.

அங்கே ரொம்ப காலம் ஒரே சிகிச்சைதான்: வயிறு வீங்கியவரை அறுவை மேசையில் படுக்க வைப்பது. 1980களில் தூக்கிச் செல்லக்கூடிய அல்ட்ராசவுண்ட் கருவி வந்தது. மருத்துவர்கள் அதை ஊர் ஊராக எடுத்துப்போய், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களையும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். கட்டி இருந்தும் அது தெரியாமலேயே பலர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். காலம் கழித்து மறுபடியும் பார்த்தபோது சில கட்டிகள் வளர்ந்திருந்தன, சில அப்படியே இருந்தன, சில தானாகவே சுருங்கிப்போயிருந்தன.

எல்லாக் கட்டியையும் வெட்டியே ஆகவேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் ஆட்டம் காணத் தொடங்கியது. என்னைக் கேட்டால், இந்த நோயில் கிடைத்த மிக முக்கியமான பாடம் எந்த மருந்தும் இல்லை, இதுதான்.

ஸ்கேனில் என்ன தெரியும்?

கட்டியின் வயதையும் குணத்தையும் அல்ட்ராசவுண்ட் படத்திலேயே படிக்கலாம். துனீசியாவைச் சேர்ந்த ஹசன் கார்பியும் சக மருத்துவர்களும் 1981இல் இதற்கு ஒரு வகைப்பாடு தந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பின்னர் அதைச் செம்மைப்படுத்தி ஐந்து நிலைகளாக்கியது. இன்று மருத்துவர்கள் பயன்படுத்துவது அதைத்தான்.

முதல் நிலையில் உருண்டையான, தெளிந்த நீர் நிறைந்த பை. சுவர் இரட்டைக் கோடாகத் தெரியும். சாதாரண நீர்க்கட்டிக்கு அந்த இரட்டைக் கோடு இருக்காது. நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால் அடியில் படிந்திருக்கும் 'மணல்' மேலெழுந்து பனித்தூவல் போலக் கீழிறங்கும். அந்த மணல் வேறொன்றுமில்லை, ஆயிரக்கணக்கான குட்டிப் புழுத் தலைகள்.

இரண்டாம் நிலையில் தாய்க்கட்டிக்குள் சேய்க்கட்டிகள். படம் தேன்கூடு மாதிரி இருக்கும்.

மூன்றாம் நிலை ஒரு திருப்பம். கட்டி தளரத் தொடங்குகிறது. உள்சவ்வு கழன்று நீரில் மிதக்கும். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் அழகானது: 'அல்லிப்பூ அடையாளம்'. இந்த நிலையிலேயே இன்னொரு வகை, பாதி கெட்டியாகிவிட்ட கட்டிக்குள் சேய்க்கட்டிகள் இன்னும் உயிரோடு இருப்பது.

நான்காவதில் நீர் வற்றி, உள்ளே நூல்கண்டு போலச் சுருண்ட சவ்வுகள். ஐந்தாவதில் சுண்ணாம்பு படிந்து முட்டையோடு போலக் கெட்டியான சுவர். இந்த இரண்டிலும் ஒட்டுண்ணி பெரும்பாலும் செத்திருக்கும்.

சில கட்டிகளை முதல் பார்வையில் எதிலும் சேர்க்க முடியாது. வெறும் நீர், இரட்டைக் கோடும் இல்லை. அப்படியானால் அது என்னவென்று உறுதியாகும் வரை கை வைக்கக்கூடாது என்பது விதி.

ரத்தப் பரிசோதனை எடுத்தால் தெரிஞ்சிடாதா?

பாதிதான் தெரியும். ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் தேடுவார்கள். கல்லீரல் கட்டியென்றால் பெரும்பாலும் பிடிபடும். நுரையீரல் கட்டி என்றால் தப்பிவிடும் வாய்ப்பு அதிகம். கட்டி உடையாமல், கசியாமல் மூடிய பையாகவே இருந்தால் உடலுக்கே அது இருப்பது தெரியாது, எதிர்ப்பொருளும் உருவாகாது. வேறு நாடாப்புழு நோய் இருந்தாலும் முடிவு தவறாக 'பாசிட்டிவ்' என்று வரலாம். ஆக 'நெகட்டிவ்' என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு ஹைடாடிட் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அதனால்தான் கேள்வி முக்கியமாகிறது. எந்த ஊரில் வளர்ந்தீர்கள்? வீட்டில் ஆடு இருந்ததா? நாய்?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இது அரிய நோய். மருத்துவர் மனத்தில் முதலில் தோன்றும் பெயர் ஹைடாடிட்டாக இருக்காது. ஆனால் இந்தியாவில் இந்த நோய் உண்டு, ஆந்திரா, தமிழ்நாடு, காஷ்மீர் உட்பட. அங்கிருந்து வேலைக்கு வரும் ஒருவரின் மருத்துவச் சோதனையில், காசநோய்க்காக எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில், உருண்டையாக ஒரு நிழல் தெரியலாம். பாட்டியையோ தாத்தாவையோ மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பது பல வீடுகளில் உங்கள் வேலைதான். "சின்ன வயசுல ஊர்ல ஆட்டுப்பட்டி இருந்துச்சு, நாயும் இருந்துச்சு" என்று பாட்டி போகிறபோக்கில் சொல்வதை 'இது எதுக்கு டாக்டருக்கு' என்று விட்டுவிடாமல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்தத் தகவலால் ஊசியின் திட்டமே மாறலாம்.

கசிந்தால் என்ன ஆகும்?

இரண்டு விஷயம். ஒன்று, உடல் அந்தத் திரவத்துக்குக் கடுமையான ஒவ்வாமையைக் காட்டலாம். ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சடைத்து, நிமிடங்களில் உயிர் போகும் நிலை வரலாம். இரண்டு, சிந்திய ஒவ்வொரு புழுத் தலையும் வயிற்றுக்குள் புதுக் கட்டியாக முளைக்கலாம். ஒன்றாக இருந்தது சில ஆண்டுகளில் பல கட்டிகளாகிவிடும். இந்த நோய்க்கான எல்லாச் சிகிச்சை முறைகளும் இந்த ஒரு கவலையைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன: ஒரு சொட்டும் சிந்தக்கூடாது.

கல்லீரல்: நான்கு வழிகள்

மருந்து. அல்பெண்டசோல். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரையாகக் கொடுப்பார்களே, அதே மருந்துதான். ஆனால் ஒரு மாத்திரையோடு முடிகிற கதை இல்லை. உடல் எடைக்கேற்ப தினமும் இரண்டு வேளை, மாதக்கணக்கில். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்புள்ள உணவோடு சாப்பிடவேண்டும். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடியது என்பதால் இடையிடையே ரத்தப் பரிசோதனை அவசியம். கருவுற்ற தொடக்க மாதங்களில் கூடாது. கடையில் வாங்கி நாமாகச் சாப்பிடும் விஷயமில்லை. சேய்க்கட்டி இல்லாத, 5 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளில் இது மட்டுமே போதுமானதாக இருக்கலாம்.

ஊசி. ஆமாம், ஊசியேதான்! அதே கட்டியை, தெரிந்தே, திட்டமிட்டுக் குத்தும் முறை. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, ஜோடி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் போல 'பேர்' என்கிறார்கள். 1980களின் நடுவில் துனீசிய மருத்துவர்கள் அறிமுகப்படுத்தினார்கள். அல்ட்ராசவுண்டைப் பார்த்தபடி, கல்லீரலின் நல்ல திசு வழியாகவே ஊசியைச் செலுத்துவார்கள், கசிவு வயிற்றுக்குள் போகாமல் இருக்க. திரவத்தை உறிஞ்சி, அடர்ந்த உப்புநீரையோ ஆல்கஹாலையோ உள்ளே செலுத்திப் புழுத் தலைகளைக் கொன்று, மறுபடியும் உறிஞ்சி எடுப்பார்கள். முன்பும் பின்பும் அல்பெண்டசோல். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க மயக்க மருந்து நிபுணர் பக்கத்திலேயே இருப்பார்.

உறிஞ்சிய திரவம் தெளிந்த தண்ணீர்போல இருந்தால் நல்லது. மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால்? கட்டிக்கும் பித்தநாளத்துக்கும் இடையே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஆல்கஹாலைச் செலுத்தினால் பித்தநாளம் எரிந்து சுருங்கிப்போகும். அத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

அறுவை. தேன்கூடு போலச் சேய்க்கட்டிகள் நிறைந்ததை ஒரே ஊசியால் காலி செய்ய முடியாது, மருந்தும் சரியாக எட்டாது. பெரிய கட்டி, உடையும் தறுவாயில் இருப்பது, சீழ் பிடித்தது, பித்தநாளத்தில் உடைந்து மஞ்சள்காமாலையும் காய்ச்சலும் தந்தது எல்லாம் அறுவைக்குத்தான். கட்டியைச் சுற்றி உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கிவிட்டுத்தான் திறப்பார்கள்.

நான்காவது வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. நான்காம், ஐந்தாம் நிலைக் கட்டி தொந்தரவு தராவிட்டால் அதை விட்டுவிட்டு அவ்வப்போது ஸ்கேனில் பார்த்தால் போதும். துர்க்கானாவில் கிடைத்த பாடம் இங்கேதான் பயன்படுகிறது. "கட்டி இருக்குன்னு சொல்லிட்டு ஒண்ணும் செய்யாம அனுப்புறாங்களே" என்று கோபம் வரலாம். செத்த கட்டிக்காக உயிருள்ள ஆளை அறுவைக்கு உட்படுத்த அவர்கள் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

நுரையீரல்: இங்கே கணக்கே வேறு

நுரையீரல் பஞ்சுபோல மென்மையானது. தடுப்பு இல்லாததால் கட்டி வேகமாக வளரும். பிள்ளைகளிடம் அதிகம் தெரியவருவதும் இதனால்தான். மூடியிருக்கும்வரை இருமலோ நெஞ்சுவலியோ லேசாக இருக்கலாம். மூச்சுக்குழாயில் உடைந்தால் திடீரென உப்புக்கரிக்கும் தண்ணீர் வாய்வழியே வரும், அதோடு வெள்ளைத் தோல் துணுக்குகள். சில சமயம் ரத்தமும் வரும். அதைக் காசநோய் என்று நினைத்துவிடுவதும் உண்டு.

கல்லீரலுக்குச் சரியான ஊசிமுறை இங்கே கூடாது. உடைந்த திரவம் மூச்சுக்குழாயை நிறைத்துவிடும். மருந்தும் யோசித்துத்தான். அறுவைக்கு முன்பே அல்பெண்டசோல் கொடுத்தால் கட்டியின் சுவர் நலிந்து வெடிக்கலாம் என்பதால் அறுவை நிபுணர்கள் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். மருந்து அறுவைக்குப் பிறகு. நுரையீரலை முடிந்தவரை காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுப்பார்கள். நுரையீரலில் ஒன்றைக் கண்டால் கல்லீரலையும் கட்டாயம் பார்ப்பார்கள், இரண்டிலும் இருப்பது அரிதல்ல.

மூளை, எலும்பு, மற்றவை

மூளையில் வருவது நூற்றில் ஓரிருவருக்குத்தான், பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. தலைவலி, வாந்தி. ஸ்கேனில் பந்துபோல ஒரு வட்டம். அதை எடுக்கும் டௌலிங் முறை பார்க்க மாயாஜாலம் போலிருக்கும். மண்டையோட்டில் பெரிய திறப்பு வைத்து, தலையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, மூளைக்கும் கட்டிக்கும் நடுவே மெல்லிய குழாயால் உப்புநீரைச் செலுத்துவார்கள். கட்டி தன் எடையாலேயே முழுதாக நழுவி வெளியே வரும். இதை மருத்துவர்கள் 'பிரசவம்' என்றே சொல்கிறார்கள். கத்தி கட்டியின் மேல் படவே கூடாது.

எலும்புதான் மோசம். கடினமான எலும்புக்குள் உருண்டையாக வளர இடமில்லை. அதனால் பை உருவாகாமல், சின்னச் சின்னக் கொப்புளங்களாக எலும்பின் இடுக்குகளில் புகுந்துபோகும். முதுகெலும்பில் வந்தால் நரம்பை அழுத்திக் கால்களை முடக்கும். ஸ்கேனில் புற்றுநோய் போலவே தெரியும். 'வெள்ளைப் புற்று' என்று பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு: முழுதாக வெட்டி எடுப்பது கடினம், திரும்பத் திரும்ப வரும், மருந்து ஆண்டுக்கணக்கில் நீளும்.

சிறுநீரகக் கட்டி உடைந்தால் சிறுநீரில் திராட்சைத் தோல் போலத் துணுக்குகள் வரும். அதைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். இதயத்தில் வந்தால், அறிகுறியே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அங்கே அது உடைவதற்காகக் காத்திருக்க முடியாது.

நாய் வளர்க்கலாமா?

தாராளமாக. அடுக்குமாடி வீட்டில் கடை உணவு சாப்பிடும் நாய்க்கு, பச்சை ஈரல் கிடைக்காதவரை, இந்தப் புழு வர வழியே இல்லை. கிராமத்தில்தான் கவனம்: அறுத்த ஆட்டின் கழிவை நாய்க்குப் போடாமல் புதைப்பது, நாய்க்குத் தவறாமல் பூச்சி மருந்து கொடுப்பது. நியூசிலந்து கிட்டத்தட்ட இந்த இரண்டை மட்டுமே பல ஆண்டுகள் விடாப்பிடியாகச் செய்து, 2002இல் நோய் இல்லா நாடு என்று தற்காலிகமாக அறிவித்துக்கொண்டது. ஆடுகளுக்கு இப்போது தடுப்பூசியும் இருக்கிறது. மனிதர்களுக்கு இல்லை.

எத்தனை நாள்?

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு, இனி ஸ்கேன் எதுக்கு?" பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகும் நூற்றில் 6 அல்லது 7 பேருக்குக் கட்டி திரும்ப வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதுவும் உடனே இல்லை, பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஆகவே வேலை மாறினாலும், நாடு மாறினாலும், பழைய ஸ்கேன் படங்களையும் அதில் எழுதியிருக்கும் நிலை எண்ணையும் கூடவே எடுத்துப்போகச் சொல்லுங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.